முப்பத்தோராவது நிமிடம்

அவர் முகத்தை நான் முதன்முதலில் நிதானமாகக் கவனித்தது, அவர் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான்.

அதற்கு முன் அரைமணி நேரமாக அந்தப் பயாலஜி டீச்சர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் நான் விற்க வந்திருந்த வி.ஆர். ஹெட்செட் பாதி முகத்தை மறைத்திருந்தது. திடீரென்று அதைக் கழற்றினார். பத்திரமாக என் கையில் கொடுத்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பள்ளி ஆய்வகத்தின் பின்பக்கம் நடந்தார். ஓடவில்லை, நடந்துதான் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவி, தடித்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணாவது நிமிசமுங்க," என்றார். "பரவாயில்லை. உங்களுக்கு முன்னாடி வந்த கம்பெனிக்காரரோடது ஒம்பதாவது நிமிசத்துலயே தூக்கிப்போட்டுது."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்போது நாற்பது வயது. பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டும் புரொஜெக்டரும் விற்கிற கம்பெனியில் பிரதிநிதியாக இருந்தேன். கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது எங்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மீதி இருந்தவர்களிடம் மேனேஜர் ஒன்றுதான் சொன்னார். இனி வி.ஆர்.தான் ஓடும், இந்தக் கல்வியாண்டுக்குள் ஒரு பெரிய ஆர்டராவது கொண்டுவராதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஹெட்செட்டை ஒருவர் தலையில் மாட்டியதும் முதலில் கடலைக் காட்ட வேண்டும். எதிரே இருந்த சுவர் காணாமல் போய், நீலத் தண்ணீருக்குள் ஒரு திமிங்கலம் அவரை நோக்கி வரும். சரியாக மூன்று நிமிடம். "ஆ" என்று அவர் வாய் திறந்திருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமே என்கிற ஆசைதான் ஆர்டராக மாறும். மூன்று நிமிடத்துக்கு மேல் யாரையும் நான் பார்க்க விட்டதில்லை. அதற்கு மேல் என்ன ஆகும் என்று நானும் பார்த்ததில்லை.

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தப் பள்ளி. தாளாளர் விவசாயக் குடும்பத்துக்காரர். பம்பு தயாரிக்கும் பட்டறையும் வைத்திருந்தார். திமிங்கலத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஆண்டு விழாவுக்குள் நாற்பது ஹெட்செட் வேண்டும் என்றார். 'மெய்நிகர் வகுப்பறை' என்று ஃபிளெக்ஸ் பேனர்கூட அடித்தாகிவிட்டது. ஒரே ஒரு தடைதான்.

"எங்க பயாலஜி டீச்சர் ஒருக்கா பாக்கோணுமுங்க. அவங்க உக்காந்து பாக்காம இங்க ஒரு ஸ்டூல்கூட வாங்கறதில்லை."

ஸ்டூல் என்று அவர் சொன்னது பேச்சுக்காக அல்ல. ஹெட்செட்டுகளை வைக்கப் பலகைப் பெட்டி செய்துகொண்டிருந்த பாய் ஒருவர் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். கோட்டைமேட்டுக்காரர். அந்தப் பள்ளியின் மரவேலை எல்லாம் அவருடையதுதான். ஆய்வகத்துக்கு அவர் ஸ்டூல்கள் செய்து இறக்கிய அன்று, டீச்சர் ஒன்றில் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாராம். ஆள் குள்ளம். கால் தரையைத் தொடவில்லை. அப்படியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "கால் மரத்துப்போச்சுங்க பாய். ரெண்டு இஞ்சு அறுத்துக் குடுங்க," என்றாராம்.

"எல்லாத்துலயும் ரெண்டு இஞ்சு அறுத்தேன்," என்றார் பாய். "அந்தம்மா ஒடம்புதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அளக்கற டேப்பு. அவங்க கால் எட்டுனா புள்ளைங்க கால் எட்டும். அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் கரும்பலகை எழுத்து தெரியுதுன்னு அர்த்தம்."

இதைக் கேட்டபின் டீச்சர் செய்வதெல்லாம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. மனிதர்கள் தங்கள் குறையை ஒளித்து வைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான். அவர் அதை எடுத்து மேசைமேல் வைத்து அளவுகோலாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. சிங்காநல்லூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். முன் ஜன்னல் சீட்டு கிடைக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஊட்டிக்கோ வால்பாறைக்கோ பள்ளியில் சுற்றுலா என்றால், வேறு எந்த டீச்சர் வந்தாலும் வராவிட்டாலும் இவர் போவார். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. பின் எதற்குப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"வாந்தி எடுக்கற குழந்தைக்குப் பக்கத்துல யாராச்சும் வேணுமில்லீங்க? மத்தவங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. எனக்கு அது பழகுன வாசம்."

பையன்கள் அவருக்கு 'வாந்தி டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். "அந்தப் பேரு வெச்சவன் கொண்டை ஊசி வளைவுல என் மடியிலதான் எடுத்தானுங்க," என்று சொல்லிச் சிரித்தார்.

ஹெட்செட் விஷயத்தில் அவர் வைத்த விதி எளிமையானது. ஒரு பீரியடு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் போட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு கம்பெனியுடையதையும். மூன்று நிமிடம் போதாதா என்று நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மூணு நிமிசத்துல ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்," என்றார். குரலில் கோபம் இல்லை. "பெரியவங்களுக்கு முடியலைன்னா கழட்டி வெச்சுட்டுப் போயிருவோம். குழந்தைக அப்படி இல்லீங்க. மிஸ் சொல்ற வரைக்கும் போட்டுட்டே உக்காந்திருக்கும்."

அடுத்த முறை பத்து ஹெட்செட்டுகளோடு போனேன். எட்டாம் வகுப்பில் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை. காரணமும் சொல்லவில்லை.

மாட்டும்போதே பிரச்சினைகள் ஆரம்பித்தன. ரெட்டை ஜடையை மடித்துக் கட்டிய பெண்களுக்குப் பின்பட்டை நிற்காமல் வழுக்கியது. மூக்குக்கண்ணாடி போட்ட பையனுக்கு உள்ளே கண்ணாடியும் கண்ணாடியும் இடித்தன. தலையில் முக்காட்டுத் துணி கட்டியிருந்த பெண்ணுக்கு மேல்பட்டையை எப்படிப் போடுவது என்று எனக்கே தெரியவில்லை. டீச்சர் அவளைத் தனியாகத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், அவளையே மாட்டிப் பார்க்கச் சொல்லி, அவள் கண்டுபிடித்த வழியைக் கேட்டுக்கொண்டு வந்தார். முப்பது பேருக்கு மாட்டியதில் நெற்றிப்பட்டை எல்லாம் தேங்காய் எண்ணெயும் வியர்வையுமாகிவிட்டது. இது எதுவும் எங்கள் கம்பெனியின் பளபளப்பான விளம்பர அட்டையில் கிடையாது.

பாடம் இதயத்தைப் பற்றியது. ரத்தத்தோடு சேர்ந்து நாமும் மிதந்து இதயத்துக்குள் நுழைந்து, அறை அறையாகப் போய் வெளியே வருவோம். பத்துப் பத்துப் பேராக எல்லாரும் பார்த்து முடித்ததும் நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"சூப்பர் சார்!" என்று வகுப்பே கத்தியது. மேனேஜருக்கு அனுப்ப இதைவிட நல்ல வீடியோ கிடைக்காது.

டீச்சர் நான் ஃபோனைப் பைக்குள் வைக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"யாருக்காவது தலை சுத்துச்சா?"

ஒருவரும் கை தூக்கவில்லை.

"வயித்தைப் பொரட்டுச்சா? தலை வலிச்சுதா?"

அசைவே இல்லை. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

"எனக்கு சுத்துச்சு," என்றார் அவர். "போன வாரம் இதையே போட்டுட்டு இங்கதான் உக்காந்திருந்தேன். முப்பத்தொண்ணாவது நிமிசம் பின்னாடி போயி வாந்தி எடுத்தேன். சார்கிட்ட கேட்டுப் பாருங்க."

எல்லாக் கண்களும் என்மேல் திரும்பின. நான் தலையாட்டினேன்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் ஜன்னல் ஓரத்தில் ஒன்று. பிறகு இரண்டு, மூன்று. பதினொன்றாவதாக உயர்ந்தது முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணின் கை. "சூப்பர் சார்" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் அவள்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் கண்ணு அப்பவே சொல்லலை?"

"எல்லாரும் சூப்பர்னாங்க மிஸ்."

டீச்சர் அவளைத் திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்த எடத்துல ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். அடுத்தவனிடம் போனார். பதினொரு பேரிடமும் அதே கேள்விதான். பதிலும் அநேகமாக ஒன்றுதான். ரத்தத்தோடு சேர்ந்து மிதந்து போகும்போது. இதயத்துக்குள் ஒரே இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"எனக்கும் அங்கதானுங்க," என்றார் என்னிடம். "ஒடம்பு ஸ்டூல்ல உக்காந்திருக்குது. கண்ணு ஓடுது. ரெண்டுக்கும் சண்டை. பஸ்ஸுலயும் இதுதான், தலைகீழா."

பத்து வருடமாகக் கருவிகள் விற்றுவந்த எனக்கு, நான் விற்கும் பொருளைப் பற்றி முதல் விஷயம் அன்றுதான் தெரிந்தது.

மேனேஜரிடம் சொன்னேன். "டீச்சரைத் தாண்டிப் போயிரு. தாளாளர் கையெழுத்துப் போட்டாப் போதும்," என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. வேலை போனால் என் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். தாளாளர் அறையில் கூட்டம் என்று அழைப்பு வந்தபோது, அப்படியே தாண்டிப் போகிற நினைப்போடுதான் போனேன்.

தாளாளர் உற்சாகமாக இருந்தார். டீச்சர் சொன்னபடி அன்று காலையில் அவரும் ஒரு பீரியடு முழுக்க ஹெட்செட்டைப் போட்டுப் பார்த்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே ஆகலையே டீச்சர். ஜம்முனு இருந்துச்சு. உங்க ஒடம்பு வாகு அப்படி. அதுக்காக எல்லாரும் அப்படியா?"

"இல்லீங்க. உங்க வாகு இருக்கறவங்களும் வகுப்புல இருப்பாங்க. என் வாகு இருக்கறவங்க எட்டாவதுல மட்டும் பதினொரு பேரு. அவங்களை நான் எண்ணிட்டேனுங்க."

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, ஆறாவதுக்கும் குடுக்கலாமுங்களா? உங்க கம்பெனி என்ன சொல்லுது?"

தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் டீச்சர் ஒரு சின்னப் புத்தகத்தை மேசைமேல் என் பக்கம் தள்ளினார். ஹெட்செட் பெட்டிக்குள் வரும் குறிப்புப் புத்தகம். நான் அதைப் பிரித்ததே இல்லை. ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"இதைச் சித்த படிங்க."

"நீங்களே சொல்லலாமே டீச்சர்," என்றார் தாளாளர்.

"நான் சொன்னா டீச்சர் பயந்துக்கறாங்கம்பீங்க. விக்கறவரே படிக்கட்டுமுங்க."

அந்த நேரத்தில் மேனேஜரின் முகம் எனக்கு நினைவு வந்தது. முதல் பெஞ்சுப் பெண்ணின் வெளுத்த முகமும் வந்தது. கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சமாளித்திருக்கலாம். பழைய புத்தகம், இப்போது மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அன்று எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக, சத்தமாகப் படித்தேன். பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உரியதல்ல. இடையிடையே ஓய்வு தர வேண்டும். தலைசுற்றல் ஏற்பட்டால் உடனே கழற்ற வேண்டும்.

தாளாளர் அந்தப் புத்தகத்தை வாங்கி, கோடு போட்ட இடத்தைத் தானும் ஒருமுறை பார்த்தார்.

"நாப்பதுன்னு ஃபிளெக்ஸ் அடிச்சுப்போட்டனே டீச்சர்," என்றார் தாளாளர் மெல்ல.

"ஃபிளெக்ஸுல எண்ணு போடலைங்க. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

தாளாளர் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு அவரால் கோபத்துக்குத் திரும்ப முடியவில்லை. பன்னிரண்டு ஹெட்செட், எட்டாம் வகுப்புக்கு மேல் மட்டும், ஆளுக்குப் பத்து நிமிடம், மிதந்து போகிற காட்சிகள் கிடையாது என்று முடிவானது. என்னிடமே வாங்கினார்கள். மற்ற இரண்டு கம்பெனிகளுடையதும் டீச்சர் வயிற்றில் என்னுடையது அளவுக்குக்கூட நிற்கவில்லை.

மேனேஜர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. வேலை போகவில்லை. அந்த வருடம் சம்பளமும் ஏறவில்லை.

முதல் வகுப்பைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு பேர் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த முறைக்கு உள்ளவர்கள் பின் பெஞ்சுகளில் காத்திருந்தார்கள். அவர்கள் பார்ப்பதையே சுவரில் பெரிதாகக் காட்ட ஒரு புரொஜெக்டர். தலை சுற்றும் பதினொரு பேரும் அதன் முன்னால் இருந்தார்கள். அந்த முதல் பெஞ்சுப் பெண் கையில் குச்சி. "எல்லாரும் இடது பக்கம் திரும்புங்க. மேல பாருங்க. அந்த வெள்ளையாத் தெரியறதுதான் வால்வு," என்று அவள் சொல்லச் சொல்ல, ஹெட்செட் போட்ட பன்னிரண்டு தலைகளும் அவள் சொன்ன பக்கம் திரும்பின. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார்.

எனக்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் பயமும் உண்டு. புது மாடல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்த மறுவாரம் ஆய்வக உதவியாளர் அக்கா என்னை நிறுத்திக் கேட்டார். "என்னத்தைக் கொண்டாந்து குடுத்தீங்க? டீச்சர் ரெண்டு நாளா எந்திரிக்கலை. படுத்தே கெடந்தாங்களாம்." டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'இருபத்திரண்டு நிமிடம், வேண்டாம்' என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க எதுக்குங்க? போட்டது நானு," என்றார்.

அதை ஒரு குழந்தையின் தலையில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ஒரு மனிதர் தன் உடம்பை இப்படிச் செலவழிக்கலாமா என்றும் யோசித்தேன். இரண்டுக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் எந்தப் புது மாடல் வந்தாலும் சிங்காநல்லூரில் அவர் வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுபோவேன். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கமே ஆகிவிட்டது. டீச்சர் எத்தனையாவது நிமிடத்தில் கழற்றினார் என்று மேனேஜரே கேட்பார். திட்டிய அதே மேனேஜர்தான்.

கடைசியாகப் போனது சென்ற வருடம். மிக லேசான ஒரு மாடல். மிதக்கிற காட்சி, ஓடுகிற காட்சி எல்லாவற்றையும் போடச் சொன்னார். நாற்பத்தைந்து நிமிடம் முழுசாக உட்கார்ந்திருந்தார். கழற்றினார். முகம் தெளிவாக இருந்தது.

"ஒண்ணுமே ஆகலைங்க," என்றார்.

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "டீச்சர், இதை நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் காட்டுவேன்."

அவர் ஹெட்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையோ யோசித்தார். "வண்டியில பழசு ஏதாச்சும் கெடக்குதுங்களா? மொதல்ல கொண்டாந்தீங்களே, அந்த மாடல்?"

இருந்தது. எடுத்துவந்து கொடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அதையும் மாட்டிக்கொண்டார். ரத்தத்தோடு மிதக்கும் அதே பழைய இதயம். நான் எதிரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பது தாண்டியது. முப்பத்தொன்று தாண்டியது. அவர் அசையவில்லை. நாற்பத்தைந்து ஆனதும் மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதுலயும் ஒண்ணும் ஆகலை. அப்ப நல்லாயிருக்கறது உங்க புது மாடல் இல்லீங்க. என் தலைதான் பழகிப்போச்சு."

"அது நல்லதுதானே டீச்சர்?"

"எனக்கு நல்லது. உங்களுக்கு ஆகாது. நான் நல்லாயிருக்குதுன்னு சொன்னா இனி அதுக்கு அர்த்தமில்லை. ஒரு வரி என்ன, ஒரு எழுத்தும் எழுதித் தர மாட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க."

ஹெட்செட்டை அவரே துடைத்துப் பெட்டியில் வைத்தார். பட்டையை ஒழுங்காக மடித்தார். அடுத்து எந்தப் பள்ளிக்குப் போகிறேன் என்று கேட்டார். உடுமலைப்பேட்டை என்றேன்.

"அங்கயும் யாராச்சும் இருப்பாங்க. பஸ் ஏறுனாலே கொமட்டறவங்க. எல்லாரு முன்னாடியும் சட்டுனு சொல்ல மாட்டாங்க, வெக்கப்படுவாங்க. மரியாதையாக் கேளுங்க."

அடுத்த வாரம் உடுமலைப்பேட்டைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் தலைமையாசிரியரும் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்களும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திமிங்கலம் எப்போது வரும் என்று எதிர்பார்த்தார்கள். நான் பெட்டியைத் திறக்கவில்லை.

"ஏனுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க," என்றேன். "உங்கள்ல வண்டி ஒத்துக்காதவங்க யாராவது இருக்கீங்களா? அவங்க ஒத்தாசை எனக்கு வேணும்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த கணக்கு வாத்தியார், மீசையும் ஆகிருதியுமாக அறையிலேயே பெரிய ஆள், டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானுங்க," என்றார். "காருல இந்தா பக்கத்துல அமராவதி டேமு வரைக்கும்கூட ஆகாதுங்க எனக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் எழுந்து, என் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பெட்டியை அவர் கையில் கொடுத்தேன்.